ஒன்பது குழிகளுக்கும் ஸ்பிரிங்

1958ஆம் வருடம், பங்குனி மாதத்து செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்குச் சேதி வந்தது. அந்த நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் நாலாம் நம்பர் கிரீனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிரீன் என்றால் பச்சை. ஆனால் திண்டுக்கல் கோல்ஃப் மைதானத்தில் இருந்த ஒன்பது கிரீன்களும் அண்டங்காக்கைக் கறுப்பு. குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் காட்ட யாரால் முடியும்? அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக மணலைக் கொட்டி, லாரி ஷெட்டில் இறக்கிப்போட்ட பழைய எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றிப் பிசைந்து, காற்றில் பறக்காதபடி பலகையால் இழுத்து மட்டம் செய்திருந்தார்கள். பந்து அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆடுகிறவர்களின் வெள்ளைக் கால்சட்டைதான் வீட்டுக்குப் போகும்போது வேறு நிறமாக இருக்கும்.

"உங்க தலை எண்ணெயைப் பாத்து ஒரு மாசமாச்சு. தரைக்கு மட்டும் வாராவாரம் எண்ணெய்க் குளியல்" என்பாள் அவர் மனைவி செபஸ்தியம்மாள்.

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கடிதத்தை நீட்டினார். எழுதியவர் மைதானத்தின் செக்ரட்டரி சாகுல் ஹமீது. ஊரில் தோல் மண்டி வைத்திருப்பவர். வியாபார விஷயமாக மெட்ராசுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் கடிதத்தை நின்றுகொண்டுதான் படிப்பார். மரியாதைக்கு.

விஷயம் இதுதான். மைதானத்து நிலம் மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். அதன் டைரக்டர் வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறார். செக்ரட்டரியும் கூடவே வருகிறார். மைதானத்தை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுப் புளி கோடவுன் கட்டுவதா என்று டைரக்டர் அன்றைக்கே நேரில் பார்த்து முடிவு செய்வார். அதற்குள் 'ஸ்பிரிங் மெயின்டனன்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மெண்ட்ஸ்' எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒரு குழியும் விடுபடக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் கடிதத்தை மூன்று தடவை படித்தார். புளி கோடவுன் மூன்று தடவையும் புரிந்தது. ஸ்பிரிங்தான் உதைத்தது.

அவர் பிறந்தது பூட்டுக்காரர் வீட்டில். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோருக்கும் அரமும் சுத்தியலும்தான் பிழைப்பு. அந்தக் குடும்பத்தில் பிறந்து பூட்டுச் செய்ய வராத ஒரே ஆள் இவர். இவர் செய்த முதல் பூட்டு எந்தச் சாவிக்கும் திறந்தது. சாவி இல்லாமலும் திறந்தது. இரண்டாவது பூட்டு எதற்கும் திறக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு போன அரிசிக் கடைக்காரர் மூன்று நாள் தன் கடைக்கு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது பூட்டை அப்பா செய்யவிடவில்லை.

அதன்பிறகு மனைவியின் அண்ணன் இருதயநாதனின் பட்டறையில் துருத்தி ஊதும் வேலை. உலைக்குக் காற்றடிக்கிற அந்த வேலையில் தப்புச் செய்ய வழியே இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் அதிலும் மச்சானின் மீசையைக் கருக்கினார். அப்போதுதான் வத்தலக்குண்டு ரோட்டில் மைதானத்துக்கு ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். கொடைக்கானல் மலையேறினால் மூச்சு வாங்குகிற ஒரு வெள்ளைக்காரத் துரை, பொட்டலிலேயே தனக்கொரு கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று ஒன்பது குழி தோண்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் போன முதல் நாள் மணலில் பலகையைப் பிடித்து ஒரு சுற்று இழுத்தார். மணல் கண்ணாடி மாதிரி படிந்தது. முப்பத்திரண்டு வயதில், தன் கை பட்டு ஒரு காரியம் சரியாக வந்ததை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அங்கேயே நின்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதுவும் சரியாகவே வந்தது.

பதினொரு வருடமாக அங்கேதான் வேலை. மைதானத்து ஓரத்து ஓட்டு வீட்டில்தான் குடித்தனம். அது போனால் மறுபடியும் துருத்திதான்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மச்சான் பட்டறைக்குப் போனார். ஸ்பிரிங் என்றால் ஊரில் அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். பூட்டின் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்து, சாவி திரும்பினால் துள்ளுகிற கம்பி. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்ற எந்த முகாந்திரமும் இல்லை.

இருதயநாதன் ஒரு மாங்காய்ப் பூட்டை அராவிக்கொண்டிருந்தார். "வா மாப்ளே. துருத்தி உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

"அதுக்கு வரலை மச்சான். ஒரு சந்தேகம்."

"சொல்லு. தவசுக்காலத்துல யாரையும் வையறதில்லைன்னு நேந்திருக்கேன். நீ என்ன சொன்னாலும் ஈஸ்டருக்கு அப்புறம்தான் வைவேன்."

ஸ்தனிஸ்லாஸ் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"ஸ்பிரிங் மெயின்டனன்ஸுன்னா ஸ்பிரிங்கை நல்லபடியா வச்சுக்கணும்னு அர்த்தம். இதுல என்ன சந்தேகம்?"

"கிரவுண்டுல ஸ்பிரிங்கே இல்லையே மச்சான்."

"ஒண்ணு கூடவா?"

"நான் படுக்கிறது கயித்துக் கட்டில். அதுல கூட இல்ல."

இருதயநாதன் அரத்தைக் கீழே வைத்தார். "அடுத்த வார்த்தை என்ன சொன்ன?"

"இம்ப்ரூவ்மெண்ட்ஸ்."

"அப்புறம் என்னய்யா! இல்லாததைப் புதுசா வைக்கிறதுதான் இம்ப்ரூவ்மெண்டு. ஒரு குழியும் விடக் கூடாதுன்னு கோடு வேற போட்டிருக்காரு. குழியில ஸ்பிரிங் வைக்கச் சொல்றாரு."

"குழிக்கு எதுக்கு மச்சான் ஸ்பிரிங்கு?"

"டைரக்டர் ஆள் எப்படி?"

"நல்ல கனம். மூணு வருசத்துக்கு முந்தி வந்தப்ப, குழிக்குள்ள விழுந்த பந்தை எடுக்கக் குனிய முடியாம இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. செக்ரட்டரி ஐயாதான் ஒம்பது குழியிலயும் குனிஞ்சு எடுத்துக் குடுத்தாரு."

"பாத்தியா! செக்ரட்டரி பெரிய மனுசன். எத்தனை நாளைக்கு அடுத்தவனுக்காகக் குனிவாரு? பந்து தானா மேல வரணுங்கிறாரு. அதை நேரா எழுத முடியுமா? நாகரிகமா எழுதியிருக்காரு."

ஸ்தனிஸ்லாசுக்குக் கண் திறந்தது. பதினொரு வருடமாக இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"இரு, இரு" என்றார் இருதயநாதன். "இம்ப்ரூவ்மெண்ட்ஸுன்னு கடைசியில ஒரு 'ஸ்' வருது. அப்ப ஒண்ணோட நிக்காது. ரெண்டாவதா இன்னொண்ணு வைக்கணும்."

இருவரும் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவரில் பெல் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. சாவி திரும்பும்போது டிங் என்று மணியடிக்கிற பூட்டு. கடையைத் திருடன் திறந்தால் முதலாளிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். மேற்கொண்டு பேச எதுவும் இருக்கவில்லை.

மைதானம் மூடினால் இருதயநாதனுக்குத் துருத்திக்கு ஆள் கிடைக்கும். ஆனாலும் அந்த மூன்று நாளும் அவர் கையிலிருந்த பூட்டு வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஸ்பிரிங் சுற்றினார். மண்ணுக்குள் வைக்கிற பூட்டை இதுவரை எவனும் செய்ததில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. குழிக்குள் இருக்கிற பித்தளைக் குவளையின் அடியில் சுருள் கம்பி; அதன்மேல் ஒரு தகரத் தட்டு. தட்டை அமுக்கினால் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். பந்து வந்து விழுந்தால் கொக்கி நழுவும், மணியடிக்கும், தட்டு துள்ளும், பந்து மேலே வரும்.

வியாழக்கிழமை முதல் குழியில் வைத்துப் பார்த்தார்கள். பார்க்கக் கருப்பம்மாளும் வந்து நின்றாள். மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரம் கிடையாது; கருப்பம்மாளின் இருபத்தாறு வெள்ளாடுகள்தான் உண்டு. அவள் ஓட்டிக்கொண்டு போகிற பாதையில்தான் அந்த வாரம் ஆடுகளம் சுத்தமாக இருக்கும். விளையாட்டைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை.

"பந்தை அடிக்கிறாக. அடிச்சுப்புட்டுத் தேடிக்கிட்டே போறாக. அடிக்காம இருந்தா தேட வேண்டாம்ல மேஸ்திரி?"

ஸ்தனிஸ்லாஸ் பந்தைக் குழிக்குள் போட்டார்.

டிங்.

பந்து பனைமரத்து உயரத்துக்குப் போனது. அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆடுகள் இருபத்தாறும் இருபத்தாறு திசையில் ஓடின.

"மேஸ்திரி! மூணு ஆடு சினையா இருக்கு! குழிக்குள்ள வெடி வைக்காதீக!"

இருதயநாதன் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "இரும்புப் பெட்டிக்குச் சுத்தின ஸ்பிரிங்கை மாத்திக் கொண்டாந்துட்டேன் போல."

அடுத்த ஸ்பிரிங் மெலிந்துவிட்டது. பந்து குழிக்கு வெளியே தலையை நீட்டி நாலு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. நாலாவது பேர் யார் என்றால், செபஸ்தியம்மாள். அவள் கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றிருந்தாள்.

"இது அண்ணனுக்குப் பிறந்ததா, உங்களுக்குப் பிறந்ததா?" என்று கேட்டாள். "குணத்தைப் பாத்தா உங்களை மாதிரியே இருக்கு."

மூன்றாவது ஸ்பிரிங் சொன்னபடி கேட்டது. பந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி, கை நீட்டினால் வந்து உட்கார்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் பன்னிரண்டு தடவை போட்டுப் பன்னிரண்டு தடவையும் பிடித்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒன்பது குழியும் முடிந்தது. செபஸ்தியம்மாள் கோயிலுக்குச் சிலுவைப் பாதைக்குப் போய்வந்து, பதினாலு ஸ்தலத்திலும் புளி கோடவுனைப் பற்றித்தான் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, சாப்பிடுங்க."

"மூடிட்டாங்கன்னா?"

"மூடினா அண்ணன் பட்டறை. அவன் மீசைக்கு நான் பொறுப்பு இல்ல."

அவர் சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. டைரக்டர் இறங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் ஒரு கால் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு மீதி வந்தது. வாயைத் திறக்காத மனிதர். கையில் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது. சாகுல் ஹமீது அதை விரித்துக் காட்டியபோது ஸ்தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். கோடவுனின் படம். வாசலில் மாட்டுவண்டிகூட வரைந்திருந்தார்கள்.

டைரக்டர் கடமைக்கு மட்டையை எடுத்து முதல் குழிக்கு ஆடினார். கிரீனுக்கு வந்து மூன்று தட்டுத் தட்டினார். பந்து உருண்டு குழிக்குள் போனது. வழக்கம்போல எடுத்துக் கொடுப்பதற்காகச் சாகுல் ஹமீது குனிந்தார்.

டிங்.

பந்து செக்ரட்டரியின் காதை உரசிக்கொண்டு மேலே வந்தது. டைரக்டரின் கை தானாக நீண்டு அதைப் பிடித்தது.

வேலமரப் புதருக்குப் பின்னால் குறட்டோடு உட்கார்ந்திருந்த இருதயநாதன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது என்ன?" என்றார் டைரக்டர்.

ஸ்தனிஸ்லாஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். "ஸ்பிரிங் மெயின்டனன்ஸுங்கய்யா. மணி வந்து, இம்ப்ரூவ்மெண்ட்ஸு."

சாகுல் ஹமீதுக்கு இரண்டு கணம் எதுவும் விளங்கவில்லை. மூன்றாவது கணத்தில் எல்லாம் விளங்கி முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா! நான் எழுதினது வசந்த காலம்யா! இங்கிலீஷ்காரனுக்கு ஸ்பிரிங்னா வசந்த காலம்! வசந்த காலத்துல செய்யற பராமரிப்பு!"

ஸ்தனிஸ்லாஸ் யோசித்தார். அவருக்குப் பங்குனி வெயில் தெரியும், கத்திரி வெயில் தெரியும், ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் தெரியும். நடுவில் வேறொன்று வந்துபோனதாக ஞாபகம் இல்லை.

"அது நம்ம ஊருக்கு எப்பங்கய்யா வரும்?"

சாகுல் ஹமீது பதில் சொல்ல வாயைத் திறந்தார். மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை, கைக்குட்டை நனைந்துவிட்டது.

"வராது" என்றார்.

டைரக்டர் இரண்டாம் குழிக்கு நடந்தார். அந்த முதுகைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்தனிஸ்லாஸ் பின்னாலேயே போனார், துருத்தியின் கைப்பிடி உள்ளங்கையில் உறுத்துவது மாதிரி இருந்தது.

இரண்டாம் குழியில் டிங். டைரக்டர் பிடித்தார். மூன்றாம் குழியில் பந்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டு தாண்டிப் போய்விட்டது. மணி அடிக்கவில்லை. டைரக்டரின் முகம் வாடியதைச் சாகுல் ஹமீதே கவனித்தார். டைரக்டர் சுற்றி நடந்து வந்து மறுபடி தட்டினார், மறுபடி தாண்டியது. மணி அடிக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்தாம் குழிக்குப் போகும்போது செக்ரட்டரியை முந்திக்கொண்டு நடந்தார். ஆறாம் குழியில் பந்து கொஞ்சம் கூடுதலாகத் துள்ளிக் கருப்பம்மாளின் மடியில் விழுந்தது.

"எடுத்துக் குடு ஆத்தா" என்றார் டைரக்டர். வந்ததிலிருந்து அவர் கேள்வி அல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

"அடிச்சா தேட வேண்டியதுதான்" என்றாள் கருப்பம்மாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் குழியில் பதினோரு தட்டு. பதினோராவதில் மணி அடித்தபோது ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. டைரக்டர் பந்தைப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்தனிஸ்லாஸைக் கூப்பிட்டார்.

"எனக்கு இடுப்புப் பிடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. மெட்ராஸ்ல ஒரு பய இதை யோசிக்கலை." கோடவுன் படத்தை மறுபடி சுருட்டிச் சாகுல் ஹமீதின் கையில் கொடுத்தார். "புளிக்கு வேற இடம் பாருங்க. இந்த ஆள் இங்க இருக்கிறவரைக்கும் கிரவுண்டு இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

கார் போனபிறகு இருதயநாதன் புதரிலிருந்து எழுந்து வந்தார். உடம்பெல்லாம் முள். "என் துருத்திக்கு ஆள் போச்சே மாப்ளே. ஈஸ்டர் வரட்டும், உன்னைப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எட்டாம் குழியில் மணி கொஞ்சம் அமுங்கிக் கேட்டது என்று குறட்டோடு அதைப் பார்க்கப் போனார்.

அதற்கப்புறம் எட்டு வருடம் ஸ்தனிஸ்லாஸ் அங்கேயே இருந்தார். ஐப்பசி மழையில் ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும். ஒவ்வொரு பங்குனியிலும் ஒன்பதையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் திரும்ப வைப்பார். ஆக, எழுதியிருந்தபடியே அது ஸ்பிரிங் மெயின்டனன்ஸ் ஆகிவிட்டது. சாகுல் ஹமீது மட்டும் அதற்குப் பிறகு அவருக்கு இங்கிலீஷில் எழுதவே இல்லை. அடுத்த வருடக் கடிதத்தில் 'வசந்தகாலப் பராமரிப்பு' என்று தமிழில் பெரிதாக எழுதியிருந்தார். செபஸ்தியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"யாருங்க அந்த வசந்தா? அவளை நீங்க எதுக்குப் பராமரிக்கணும்?"

அதை விளக்க ஸ்தனிஸ்லாசுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசிவரை அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

1966ஆம் வருடப் பங்குனியில் ஸ்பிரிங் வேலையெல்லாம் முடித்துவிட்டு, குழிகளின் எண் பலகைகளுக்கு ஒவ்வொன்றாகப் புது வெள்ளை பூசி எழுதிக்கொண்டு வந்தார். புதன்கிழமை பிற்பகல். பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் செத்த நேரம் சாய்ந்தார். கருப்பம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் கேட்காமல் இருக்க ஆடுகளைச் சுற்றுவழியில் கொண்டுபோனாள்.

அந்த வருடம் கார்த்திகையில் கோடவுன்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் சொன்ன சொல்லை மீறவில்லை. பலகைகளைப் பிடுங்கி ஓட்டு வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். ஏழு பலகைகளில் எண் கறுப்பில் பளிச்சென்று இருந்தது. எட்டாவதில் எட்டின் மேல்வட்டம் மட்டும் எழுதியிருந்தது, கீழ்வட்டம் எழுதவில்லை.